சூட்கேசில் வந்த சுவிச்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வீட்டுக்குச் சுடுதண்ணி ஹீற்றர் பூட்டுகிறார்கள் என்றால், கேட்கிறவருக்குச் சிரிப்பு வருவது நியாயம்தான். சித்திரையில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பைப்பைத் திறந்தால், கூரைக்கு மேலே வெயில் குடித்துக்கொண்டிருக்கிற கறுப்புத் தாங்கியிலிருந்து வருகிற தண்ணியில் கை வைக்க ஏலாது. கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியிலும் அதே கதை. ஆனால் கார்த்திகையில் மாரி தொடங்கி, தை கடைசி மட்டும் வாடை அடிக்கிற ஒரு காலம் இருக்கிறது. அந்த நாட்களில் விடியப்புறம் அம்மாவின் முழங்கால் மடங்காது. அடுப்பில் கொதித்த தண்ணியைப் பானையோடு தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போகிற அந்தக் கொஞ்சத் தூரம்தான் எங்கள் வீட்டிலேயே ஆபத்தான இடம். ஆகவே ஹீற்றர் வேண்டுமா வேண்டாமா என்று வாக்குவாதம் வரவில்லை. வாக்குவாதம் வந்தது அதற்குப் பக்கத்தில் பூட்டுகிற சுவிச்சில்.

அத்தான், வயரிங் வேலை செய்கிற அண்ணன், காத்தான்குடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற நானா: மூன்று பேருக்கும் மூன்று அபிப்பிராயம். ஆனால் மூவரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி. எத்தனை அம்பியர்? கேள்வியில் பிழையில்லை. அதற்கு விடை ஒரு வகுத்தல் கணக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யும். அந்தச் சுவிச் யாருக்காக என்ற கேள்விதான் கடைசி வரைக்கும் மேசைக்கு வராமல் கிடந்தது. அது வந்த பிறகு அம்பியர் கணக்கு ஒரு ஓரமாகப் போய்விட்டது.

பெரிய பொயிலர், சின்னப் பியூஸ்

அத்தான் லண்டனிலிருந்து மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கென்று குடும்பத்தோடு வந்திருந்தார். ஹீற்றர் வாங்கப்போகிறோம் என்று அக்காவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். சொக்லேற் பெட்டிகளுக்கும் பிள்ளைகளின் சப்பாத்துகளுக்கும் இடையில், பழைய துவாயில் சுற்றி ஒரு வெள்ளைத் தட்டு வந்து இறங்கியது. ஒரு பக்கம் சுவிச், நடுவில் சிவப்பு நியோன் விளக்கு, மறுபக்கம் சின்னதாக ஒரு இழுப்பறை. ஸ்குறூ றைவர் நுனியால் நெம்பினால் அந்த இழுப்பறை வெளியே வரும், உள்ளே பியூஸ். பெட்டியைத் திறந்து கையில் தரும்போது அத்தானுடைய முகத்தில் நகை வாங்கிக்கொண்டு வந்தவருடைய பெருமை. “எங்கட வீட்டுப் பொயிலருக்குப் பூட்டினது இதேதான். இஞ்ச உள்ள சுவிச்சை நம்பேலா.”

அத்தான் கரண்ட் வேலை படித்தவர் இல்லை. ஆனால் குளிர்நாட்டில் வீடு வைத்திருக்கிற எவருக்கும் பொயிலர் அரைவாசி வேலையைப் படிப்பித்துவிடுகிறது. அங்கே சமையலறை அலுமாரிக்குள் தொங்குகிற அந்தப் பெட்டி, காஸை எரித்துத் தண்ணியைச் சூடாக்கி, வீடு முழுக்க ரேடியேற்றர்களுக்குள் ஓடவிடுகிறது. குளிக்கிற தண்ணியும் அதிலிருந்துதான். 24 கிலோவாற், 30 கிலோவாற் என்று வெப்பம் தருகிற சாதனம் அது. ஆனால் அந்த வெப்பம் முழுவதும் காஸிலிருந்து வருகிறது. கரண்ட் செய்வது தண்ணியைத் தள்ளுகிற பம்பையும், புகையை வெளியே அனுப்புகிற விசிறியையும், உள்ளே இருக்கிற சர்க்கிற் பலகையையும் ஓட்டுவது மட்டும். எல்லாம் சேர்த்தாலும் பொதுவாக நூறு, நூற்றைம்பது வாற் அளவுதான், எங்கள் பழைய மேசைவிளக்கு இரண்டு குடிக்கிற கரண்ட். அதனால்தான் பொயிலருக்குப் பக்கத்தில் இருக்கிற தட்டில் 3 அம்பியர் பியூஸ் போடச் சொல்லி உற்பத்தியாளர்கள் எழுதிவைக்கிறார்கள். 230 வோல்ற்றில் 3 அம்பியர் என்றால் 690 வாற். பொயிலருக்கு அது தாராளம்.

நாங்கள் வாங்கிய ஹீற்றர் கையகலப் பெட்டி. நாலரை கிலோவாற். காஸ் இல்லை, நெருப்பு இல்லை, ஒவ்வொரு துளிச் சூடும் வயருக்குள்ளால்தான் வரவேண்டும். 4500-ஐ 230-ஆல் பிரித்தால் 19.6 அம்பியர். வீடு முழுவதையும் சூடாக்குகிற லண்டன் பொயிலருக்கு அரை அம்பியர் போதும், ஒரு ஆள் குளிக்கிற கல்லடிப் பெட்டிக்கு இருபது வேண்டும். அத்தானுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் போனது. “அப்ப மூண்டைக் கழற்றிப்போட்டுப் பதின்மூண்டு பியூஸைப் போடுவம்” என்றார். அந்தத் தட்டு தாங்குகிற ஆகக்கூடிய அளவு அதுதான். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 13 அம்பியர் பியூஸ் இருபது அம்பியருக்குப் பட்டென்று எரிந்துபோகாது. நெடுநேரம் தாங்கும், தாங்கிக்கொண்டே சூடேறும். அம்மா குளித்து முடிகிற வரைக்கும் பியூஸ் போகாது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிளாஸ்ரிக்தான் மெல்ல மெல்லக் கருகும்.

லண்டனிலும் கரண்ட் ஷவர் உண்டு. எட்டரை, ஒன்பதரை, பத்தரை கிலோவாற் வரைக்கும் இருக்கிறது. அதற்கு இந்தத் தட்டைப் பூட்டுவதில்லை. குளியலறைக் கூரையிலிருந்து கயிறு தொங்கும், இழுத்தால் இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டுகிற 45 அம்பியர் டபுள் போல் சுவிச் அடிக்கும். அத்தானுடைய வீட்டில் ஷவருக்குத் தண்ணி பொயிலரிலிருந்து வருவதால் அந்தக் கயிற்றை அவர் கண்டதில்லை.

அன்றைக்கு அத்தான் சொன்ன இன்னொரு கதையை நான் பாதிக் காதோடுதான் கேட்டேன். ஒரு குளிர்காலம் பொயிலர் நின்றுவிட்டது. அங்கே காஸ் சேஃப் என்ற பதிவில் பெயர் உள்ளவர்தான் அந்தப் பெட்டியின் காஸ் வேலையில் கை வைக்கலாம். வந்தவர் தட்டிலிருந்த சுவிச்சை நிற்பாட்டி, பியூஸ் இழுப்பறையை உருவித் தன் சட்டைப்பையில் போட்டார். பிறகு மூடியைத் திறந்து, மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே பின்னால் வந்துவிட்டார். உள்ளே ஒரு வயரில் இன்னும் கரண்ட். வீட்டின் பழைய சொந்தக்காரர் அறைத் தேர்மோஸ்ராற்றுக்கு வேறொரு சர்க்கிற்றிலிருந்து லைன் எடுத்திருந்தார். பொயிலரின் சுவிச் நின்றாலும், தேர்மோஸ்ராற் வழியாகக் கரண்ட் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. பொயிலர், பம்ப், ரைமர், தேர்மோஸ்ராற், வால்வு எல்லாம் ஒரே தட்டிலிருந்துதான் கரண்ட் எடுக்கவேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு. ஒரு சுவிச்சைத் தட்டினால் எல்லாம் சாகவேண்டும். வந்தவர் அதைச் சரிசெய்யும் வரைக்கும் வேறெதையும் தொடமாட்டேன் என்று நின்றாராம். “அண்டைக்கு எனக்கு ஆத்திரம். பிள்ளைகள் குளிருக்க, இவன் வயர் பார்த்துக்கொண்டு நிக்கிறான்.”

நானாவின் கவுண்டரில்

காத்தான்குடிக்கு நானும் அத்தானும்தான் போனோம். நானா ஆறேழு சாமானை எடுத்துக் கவுண்டரில் பரப்பிவிட்டார். 20 அம்பியர் ஒற்றைப் போல் சுவிச், 20 அம்பியர் டபுள் போல், 32, பிறகு குக்கருக்குப் பூட்டுகிற 45 அம்பியர் பெரிய தட்டு, வீட்டுக் கரண்டைப் பிரித்துவிடுகிற டீபி பெட்டிக்குள் இருந்து கரண்ட் மிஞ்சினால் தானே விழுகிற இரட்டைப் பிறேக்கர், கடைசியில் ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் கரண்டைத் துண்டிக்கப் பூட்டுகிற சாம்பல்நிறத் திருகு ஐசொலேற்றர்.

“நாலரை கிலோவாட்டுக்கு இருபது போதும்தானே நானா?”

“போதும் தம்பி. ஆனா இருபதுல இருபது ஓடினா அது நாள் முழுக்க மூச்சுவாங்கும். நம்மட ஊர்க்காத்து வேற. முப்பத்திரெண்டை எடுங்க, ஒரு பேச்சும் வராது.”

ஊர்க்காற்று என்று அவர் சொன்னது வெறும் வியாபாரப் பேச்சில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்பு எதையும் விடுவதில்லை. செப்பு வயரின் நுனி பச்சை பிடிக்கும், ஸ்குறூ துருவேறி இளகும், இளகின இடத்தில் தடை கூடும். ஒரு முனையில் தடை 0.1 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள், கேட்க ஒன்றுமில்லாத எண்தான். இருபது அம்பியர் ஓடும்போது அந்த முனையில் மட்டும் 40 வாற் சூடு இறங்கும். ஒரு ஈயம் ஒட்டுகிற கம்பியைச் சுவிச்சுக்குள் வைத்து மூடியதற்குச் சமம். ஹீற்றர் சுவிச்சுகள் மஞ்சளாகி, பிறகு கறுத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே 32 வாங்குவது கரண்டுக்காக இல்லை, பெரிய ஸ்குறூவுக்கும் தடித்த தொடுமுனைக்கும்தான். வயரும் அதில் வசதியாக இறங்கும். ஹீற்றருக்கு 7/0.67 வயர், அதாவது 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது, போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரண்டரை சதுர மில்லிமீற்றர், எனக்கு மனம் ஒப்பவில்லை. 7/0.85 போதும், நாலு சதுர மில்லிமீற்றர். நானாவிடம் இருந்தது 7/1.04 தான், ஆறு. அதைச் சின்னப் பெட்டிக்குள் மடித்துத் திணித்தால் விறைத்துக்கொண்டு ஸ்குறூவையே நெம்பும். ஆழமான பெட்டி கேட்டு வாங்கவேண்டும், இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

அன்றைக்கு வயரும் பெட்டியும் மட்டும் வாங்கினோம். சுவிச் வாங்கவில்லை. வயரிங் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணனுடைய நிலைப்பாடு எளிமையானது: சுவிச்சே வேண்டாம். “டீபியில தனிப் பிறேக்கர் ஒண்டு போடுறன் தம்பி. நிப்பாட்டணும் எண்டா அதை விழுத்துங்க. நடுவுல ஒரு சுவிச் எண்டா நாலு ஸ்குறூ கூட. பழுதாகிறதுக்கு நாலு இடம் கூட.” 40 வாற் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வதும் மறுக்க ஏலாத பேச்சு. தேவையில்லாத ஒவ்வொரு முனையும் ஒரு நோய். இப்படியாக அத்தான் சூட்கேசில் வந்ததைப் பூட்டவேண்டும் என்று நிற்க, நானா முப்பத்திரண்டில் நிற்க, அண்ணன் ஒன்றும் வேண்டாம் என்று நிற்க, ஹீற்றர் பெட்டி விறாந்தையில் கிடந்தது.

மின்னக்கூடாத வயரில் மின்னியது

வேலை தொடங்கின நாள் காலையில் அண்ணன் முதலில் குளியலறைச் சுவருக்கு வெளியே இருந்த பழைய பிளக் பொயின்ற்றைக் கழற்றினார். முன்பு உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு எடுத்த லைன். அந்த இடத்தால்தான் புது வயர் போகவேண்டும். டீபியில் அந்தச் சர்க்கிற்றின் பிறேக்கரை விழுத்திவிட்டு வந்து, தட்டைக் கழற்றி முன்னால் இழுத்துவிட்டு, வழக்கத்துக்குக் கரண்ட் இருந்தால் மின்னுகிற ரெஸ்ரரை வைத்தார். சிவப்பு வயரில் ஒன்றுமில்லை. கறுப்பில் வைத்தார். மின்னியது.

கறுப்பு என்றால் நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகிற வயர், அதில் ரெஸ்ரர் மின்னக்கூடாது. பிறேக்கரோ விழுந்து கிடக்கிறது. “ரெஸ்ரர் பொய் சொல்லுது போல” என்றார். பொய் சொல்லவும் செய்யும். பக்கத்தில் ஓடுகிற வயரின் தூண்டுதலிலேயே நியோன் ரெஸ்ரர் மங்கலாக மின்னுவது உண்டு. அதனால் அவர் சமையலறை பிளக்கில் வைத்துப் பார்த்தார், திரும்பி வந்து வைத்தார், மறுபடியும் மின்னியது. பிறகு தன் பையிலிருந்து இரண்டு வயர் தொங்குகிற பல்ப் ஹோல்டரை எடுத்தார். பழைய வயரிங்காரர் எல்லாரிடமும் இருக்கிற ஆயுதம். ஒரு வயரைக் கறுப்பில் வைத்து, மற்றதை எர்த்தில் தொட்டார்.

டக் என்று, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டுகிற ரிப் சுவிச் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. சமையலறையில் இருந்து அம்மா “என்ன மனே?” என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தார். தூண்டுதலால் வருகிற கரண்டுக்கு ரிப் சுவிச் விழாது. 30 மில்லி அம்பியர் அளவில் உண்மையாகவே எர்த்துக்குள் ஓடினால்தான் விழும். பிறேக்கர் விழுத்தின சர்க்கிற்றின் நியூட்ரலில் முழுக் கரண்ட் நின்றிருக்கிறது.

காரணத்தைத் தேடிப்போனால் அது 2022-இல் போய் நின்றது. அந்த வருசம் பங்குனிக் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், யாருக்கும் மறந்திருக்காது. அப்போது சின்ன ஜெனரேற்றர் ஒன்று இரவல் வாங்கி, மெயினுக்கும் ஜெனரேற்றருக்கும் மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிச் ஒன்று அவசரமாகப் பூட்டினோம். பூட்டினவர் வேறொருவர். ஜெனரேற்றருக்குப் பெற்றோல் கிடைக்காமல் அது ஓடினதைவிட நின்றதுதான் கூட, அது வேறு கதை. சேஞ்ச்ஓவரிலிருந்து வெளியே வருகிற இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிவப்புத்தான் நியூட்ரல், கறுப்புத்தான் லைன்.

ஃபிறிட்ஜ் ஓடியது, ஃபேன் சுற்றியது, பல்ப் எரிந்தது. மாறுகரண்டுக்கு எந்தப் பக்கத்தால் வந்தோம் என்ற கவலை இல்லை. ரிப் சுவிச்சும் இதைக் கண்டுபிடிக்காது, போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கும். ஒரேயொரு சாட்சி இருந்தது, அதை யாரும் விசாரிக்கவில்லை. விறாந்தையில் எல்ஈடி பல்ப் ஒன்று, இரவு சுவிச்சை நிற்பாட்டின பிறகும் மங்கலாக மினுங்கிக்கொண்டு கிடக்கும். “செத்தும் சாகாமக் கிடக்கு” என்று அம்மா அடிக்கடி சொல்வார், நாங்கள் மலிவுப் பல்ப் என்று நினைத்தோம். சுவிச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. லைன் எப்போதும் பல்புக்குள்ளேயே நின்றது.

இப்போது ஹீற்றரை இந்த வீட்டில் வைத்துப் பாருங்கள். எங்கள் டீபியில் இருக்கிற பிறேக்கர்கள் பெரும்பாலான வீடுகளில் போல ஒற்றைப் போல், ஒரு வயரைத்தான் வெட்டும். அண்ணன் சொன்னபடி அதை விழுத்திவிட்டு ஒருவர் ஹீற்றரின் மூடியைத் திறந்திருந்தால், நியோன் விளக்கு அணைந்திருக்கும், தண்ணி சூடாகாது, எல்லாம் செத்துப்போனமாதிரித் தெரியும். உள்ளே சூடாக்கும் கம்பி முழுவதும் 230 வோல்ற்றில் நிற்கும். கம்பியின் மறுமுனை மட்டும்தான் வெட்டப்பட்டிருக்கும்.

அண்ணன் எழும்பி, முகம் துடைத்து, அத்தானைப் பார்த்தார். “தம்பி, உங்கட லண்டன்காரன் பின்னால வந்தது சும்மா இல்லை. நீங்க சொன்னது சரி, கொண்டுவந்ததுதான் சரிவராது. மறுகா டபுள் போல் ஒண்டே போடுவம்.”

யாருக்கான சுவிச்

குளிக்கிறவருக்குச் சுவிச் ஹீற்றரிலேயே இருக்கிறது. வயர் எரியாமல் பார்க்கப் பிறேக்கர் இருக்கிறது. மனிசரைக் காப்பாற்ற ரிப் சுவிச் இருக்கிறது, அதன் இடத்தை வேறெதுவும் பிடிக்க ஏலாது. ஐசொலேற்றர் இந்த மூன்றுக்கும் இல்லை. மூடியைத் திறந்து உள்ளே கை விடப்போகிறவருக்கு அது. வருடத்தில் ஒரு நாள், சிலவேளை அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் அது சும்மா சுவரில் இருக்கும். வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார், தனக்குத் தேவைப்படாத ஒன்றை. அதனால்தான் கடையில் அம்பியரும் அழகும் மட்டும் பேசப்படுகின்றன. உள்ளே கை விடப்போகிறவர் கடையில் நிற்பதில்லை.

அவருக்கு வேண்டியது மூன்று விசயம். இரண்டு வயரும் சாகவேண்டும். உண்மையாகவே செத்ததா என்று பார்க்கவேண்டும்: நியோன் அணைந்தது சாட்சியில்லை, நியோனே பழுதாகியிருக்கலாம், ஆகவே கரண்ட் உள்ள இடத்தில் ரெஸ்ரரைப் பார்த்து, வேலை இடத்தில் பார்த்து, மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் பார்க்கவேண்டும். அண்ணன் அன்று காலையில் தன்னை அறியாமல் செய்ததும் அதுதான். மூன்றாவது, செத்தது அப்படியே கிடக்கவேண்டும். இது எங்கள் வீடுகளில் பெரிய பிரச்சினை. மெயினை விழுத்திவிட்டு ஒருவர் வேலை செய்ய, ஃபேன் நின்றுவிட்டதே என்று இன்னொருவர் வந்து தூக்கிவிடுவார். அத்தான் கொண்டுவந்த தட்டில் இருந்த உண்மையான அழகு அதன் பியூஸ் இழுப்பறைதான். உருவிச் சட்டைப்பையில் போட்டால் ஊரில் எவராலும் அதை ஓன் பண்ண ஏலாது.

லண்டனைவிட இங்கேதான் இரண்டு வயரையும் வெட்டுகிற தேவை கூட என்று நான் நினைக்கிறேன். அங்கே அநேகமான வீடுகளுக்கு எர்த்தையும் கரண்ட் கொம்பனியே கேபிளோடு கொடுத்துவிடுகிறது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் முற்றத்தில் அடித்த கம்பிதான் எர்த். கல்லடி மண் கடல் மணல், கச்சான் காலத்தில் காய்ந்து பொருபொருவென்று கிடக்கும். அந்தக் கம்பியின் தடை 100 ஓம் என்று வைத்தால், லைன் நேரே எர்த்தில் பட்டாலும் 2.3 அம்பியர்தான் ஓடும். 20 அம்பியர் பிறேக்கர் அதை ஏறெடுத்தும் பார்க்காது. 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் பார்க்கும். ஆகவே ரிப் சுவிச் இல்லாத வீட்டில் ஹீற்றர் பூட்டுவது கூடவே கூடாது, அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. மேலே ஜெனரேற்றர், இப்போது பற்றறியோடு சோலார், ஒவ்வொன்றும் வீட்டுக்குள் வருகிற இன்னொரு வாசல். மெயினை விழுத்தினால் வீடு செத்துவிடும் என்ற காலம் போய்விட்டது.

நான் திரும்பிப் போய் வாங்கினது சாம்பல்நிறத் திருகு ஐசொலேற்றர்தான். 32 அம்பியர், இரண்டு போல், தண்ணி தெறித்தாலும் உள்ளே போகாத பெட்டி. திருகை நிற்பாட்டிய நிலையில் சின்னப் பூட்டுப் போட அதில் ஓட்டை இருக்கிறது. நானா சிரித்தார். “இது ஏசிக்காரன் கொண்டுபோறது தம்பி.” அக்கா சிரிக்கவில்லை. “அரிசி மில்லுக்குப் பூட்டுறதைக் கொண்டுவந்து குளியலறை வாசல்ல வச்சிருக்கான்” என்று அன்று பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தா. உண்மைதான், வடிவில்லை. வெள்ளை டபுள் போல் தட்டு வடிவு, அதைப் பூட்டினாலும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். நான் பூட்டுக்காகத்தான் இதை எடுத்தேன், அதுவும் அம்மா இருக்கிற வீடு என்பதால். தண்ணி சூடாகவில்லை என்றால் அம்மா முதலில் கை வைப்பது சுவிச்சில்தான்.

இடம் பற்றியும் கொஞ்சம் இழுபறி. குளியலறைக்குள் வைக்கக்கூடாது என்பதில் எல்லாரும் ஒன்று. அண்ணன் கதவுக்கு வெளியே, தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தார். கதவு திறந்தால் ஹீற்றருக்கு முன்னால் நிற்கிறவர் அதைக் கண்ணால் பார்க்கலாம். வேலை செய்கிறவருக்கு அது வேண்டும்.

சேஞ்ச்ஓவரில் வயரை அன்றைக்கே மாற்றிப்போட்டார். விறாந்தைப் பல்ப் ஒழுங்காகச் செத்தது. அத்தானுடைய தட்டு வீணாகவில்லை. தாங்கித் தண்ணி ஹீற்றருக்கு வேகம் காணாது என்று மேலே ஒரு சின்ன பிறஷர் பம்ப் வைத்தோம், 120 வாற். அதற்கு அந்த 3 அம்பியர் பியூஸோடு அந்தத் தட்டு அளவெடுத்துத் தைத்தமாதிரிப் பொருந்தியது. லண்டனில் அது செய்கிற வேலையும் ஒரு பம்பைப் பார்த்துக்கொள்வதுதானே.

கடைசியாக ஒன்று, 2022-இல் எங்களைப்போல அவசரத்தில் சேஞ்ச்ஓவர் பூட்டினவர்களுக்கு. நிற்பாட்டின எல்ஈடி பல்ப் இரவில் மினுங்கினால் எல்லா நேரமும் வயர் மாறினது என்று அர்த்தமில்லை. சுவிச்சுக்குள் நியோன் விளக்கு இருந்தாலும், வயர் நெடுந்தூரம் ஓடினாலும் அப்படி மினுங்கும். ஆனால் பார்த்துவிடுவது நல்லது. மூன்று விளக்கு வைத்த பிளக் ஒன்று ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். சதுர முள் பொயின்ற்றில் செருகினால் லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று அது காட்டும். மாறியிருந்தால் நீங்களே டீபியைத் திறக்கவேண்டாம், வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எங்கள் அண்ணனைக் கேட்காதீர்கள். கல்லடியில் ஜெனரேற்றர் வாங்கின வீடு வீடாக அவர் இப்போது இதே வேலையாகத்தான் திரிகிறார், அம்மாவுக்குக் குசினியில் ஒரு பொயின்ற் எடுத்துத்தர இன்னும் வரவில்லை.